கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு

டிஸ்கி முதலிலேயே: நான் வக்கீல் இல்லை. பொள்ளாச்சியில் பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் ஆசாமி. அதில் கடைசி எட்டு வருஷம் மஸ்கட். கீழே வரும் சட்டமெல்லாம் ஒரு தப்பைச் செய்துவிட்டு, அப்புறம் ஊர் வக்கீலிடம் கேட்டும் தீர்ப்புகளைப் படித்தும் தெரிந்துகொண்டது. தப்பு என்னுடையது. உங்களில் பாதிப் பேர் அதே தப்பைச் செய்திருப்பீர்கள், அல்லது செய்யப் போகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2025 ஜூன். இங்கே ராத்திரி ஒன்பது, ஊரில் பத்தரை. சின்னம்மாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் ஊர் நம்பர் வந்தாலே நமக்கெல்லாம் அடிவயிறு கலங்கும்.

"கண்ணு, தம்பிய டேசன்ல உக்கார வெச்சிருக்காங்க. காலைல பதினொரு மணிக்குப் போனவன்."

எங்கள் குடும்பம் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், ஆபீசில் மலையாளம். தம்பி டூவீலர் மெக்கானிக். தெரிந்தவர் ஒருவர் மூலமாக முப்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு பழைய பைக் வாங்கியிருந்தான். ஆர்.சி. "அடுத்த வாரம் தர்றேன்" என்றிருந்தார்கள். அது திருட்டு வண்டி. விசாரிக்கக் கூப்பிட்டது போலீசின் வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், தம்பி அங்கேதான் வாழ வேண்டும்.)

தம்பியிடம் போனைக் கொடுத்தார்கள். "அண்ணா, ரெண்டு பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா அனுப்பிருவாங்களாம்." என்ன பேப்பர் என்று கேட்டேன். "மலையாளத்துல இருக்குதுங்ணா."

தம்பி மலையாளம் தண்ணிபட்ட பாடாகப் பேசுவான். ஆனால் படித்தது தமிழ் மீடியம். மலையாள எழுத்து அவனுக்கு ஜாங்கிரிதான். எனக்கு மறுநாள் காலை ஏழரைக்கு ஆடிட் மீட்டிங். வாயில் வந்ததைச் சொன்னேன்: "கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு, அப்புறம் பாத்துக்கலாம்."

போட்டான், வந்தான். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அதில் ஒன்று, குறிப்பிட்ட தேதியில் விசாரணைக்கு வர வேண்டும் என்ற நோட்டீஸ். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41ஏ என்று இருந்தது. 2024 ஜூலை 1-இல் புதுச் சட்டம் (பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்தபிறகு 35(3). இதில் உள்ள வேதனை என்னவென்றால், அந்த நோட்டீஸ் நம்மைக் காப்பாற்றுவதற்காக வந்த காகிதம். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடனே கைது செய்யாதே, தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடு என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. நோட்டீசுக்கு ஒழுங்காக வந்து போகிறவனை, காரணம் எழுதாமல் கைது செய்யக்கூடாது. ஆனால் வராமல் போனால்? கைது செய்யலாம், 35(6). தம்பியின் நகல் சட்டைப் பையிலேயே துவைக்கப் போனது. தேதி தெரியாது, போகவில்லை. பத்து நாள் கழித்து விடிகாலையில் ஜீப் வந்தது.

அன்று மதியமே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நாள்தான். ஆனால் நிச்சயம் பேசி வைத்திருந்த பெண் வீட்டில் அந்த ஜீப் போதுமானதாக இருந்தது.

வங்கி வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கடன் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்து, வாடிக்கையாளர் தமிழிலோ மலையாளத்திலோ கையெழுத்துப் போட்டால், அல்லது கைநாட்டு வைத்தால், அப்படியே வாங்கி வைக்க மாட்டோம். "இதில் உள்ளவை எனக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கப்பட்டன, புரிந்துகொண்டேன்" என்று தனியாக ஒரு உறுதிமொழி வாங்குவோம். விளக்கியவர் பெயரும் இருக்கும். அது இல்லாவிட்டால் ஆடிட்டில் நமக்குத்தான் மெமோ. ஐம்பதாயிரம் ரூபாய் கடனுக்கு இவ்வளவு. சொந்தத் தம்பி ஸ்டேஷனில் தெரியாத மொழிப் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும்போது, நான் பதினைந்து வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு விஷயம் நினைவுக்கு வரவில்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடினேன். அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிப்பது என்றால்? 1962-இல் ஹரிகிசன் என்பவர் வழக்கு. தடுப்புக் காவல் உத்தரவை அவருக்குத் தெரியாத ஆங்கிலத்தில் கொடுத்து, ஒரு அதிகாரி வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். அது போதாது, அவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. அது தடுப்புக் காவலுக்கு. சாதாரணக் கைதுக்கு இது தெளிவாக வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2025 நவம்பர் 6 அன்று மும்பை பி.எம்.டபிள்யூ. கார் விபத்து வழக்கில் (மிஹிர் ராஜேஷ் ஷா) உச்சநீதிமன்றம் சொன்னது இது: எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணங்களை எழுத்தில் தரவேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். உடனே எழுதித் தர முடியாத சூழ்நிலை என்றால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலாவது எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

பணக்கார வீட்டுப் பையன் ஒருவனின் வழக்கில் வந்த தீர்ப்புதான். ஆனால் அதனால் அதிகப் பலன் அடைய வேண்டியவர்கள் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் உடும்பஞ்சோலையிலும் சித்தூரிலும் இருக்கும் நம் ஆட்கள். எஸ்டேட் லயத்தில் பிறந்து தமிழ் மட்டும் படித்தவர்களிடம் நீட்டப்படும் காகிதம் ஏதாவது தமிழில் இருக்கிறதா? தம்பிக்கு வந்தது நோட்டீஸ், கைதுக் காரணம் அல்ல. அந்தத் தீர்ப்பு அவனுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஜூனில் அது வரவும் இல்லை. ஆனால் வாதத்தின் அடிப்படை ஒன்றுதான். புரியாத மொழியில் தெரிவிப்பது தெரிவிப்பதே ஆகாது.

புகார் கொடுப்பதற்கும் இது பொருந்தும். குறை தீர்க்கக் கேட்டு எந்த மத்திய, மாநில அதிகாரிக்கும் ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்கிறது 350-ஆம் பிரிவு. கேரளாவின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து செய்யலாம் என்று எழுதி வைத்தார்கள். "மலையாளத்துல எழுதிக் கொண்டா" என்று திருப்பி அனுப்பினால் அது வழக்கம், சட்டமல்ல. எல்லைக்காரர்களுக்கு இன்னொன்று: பஸ்சில் பொள்ளாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே பர்ஸ் போனால் இவர் அந்த ஸ்டேஷன் என்பார், அவர் இந்த ஸ்டேஷன் என்பார். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று 173-ஆம் பிரிவில் இப்போது நேராகவே எழுதியிருக்கிறது.

இனி நெடுங்கண்டம். இடுக்கிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடன் வாங்கித் தருகிறோம் என்று மக்களிடம் பணம் வசூலித்த ஒரு நிதி நிறுவன மோசடி. அதில் சம்பந்தப்பட்ட ராஜ்குமாரைப் பொதுமக்கள் பிடித்துப் போலீசிடம் ஒப்படைத்தது 2019 ஜூன் 12. கைது என்று பதிவு செய்யப்பட்டது ஜூன் 15. பீர்மேடு கிளைச் சிறையில் ரிமாண்டில் இருந்தவர் ஜூன் 21 அன்று இறந்துபோனார். முதல் பிரேதப் பரிசோதனையில் நிமோனியா என்றார்கள். நீதிபதி நாராயண குறுப் கமிஷன் வந்து, உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தபோது முதலில் சொல்லப்படாத காயங்கள் தெரிந்தன. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

மோசடி செய்தவருக்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வங்கிக்காரன். ஏழைப் பெண்களிடம் கமிஷன் வாங்கி ஏமாற்றுகிறவர்கள் மேல் எனக்கு உள்ள கோபம் உங்களைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் என் கண் போய் நிற்பது அந்த இரண்டு தேதிகளில். பணம் கட்டியது 12-ஆம் தேதி, கணக்கில் ஏறியது 15-ஆம் தேதி என்று ஒரு காஷியர் எழுதினால் அந்த மூன்று நாள் பணம் எங்கே இருந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அங்கே பணத்துக்குப் பதில் ஒரு ஆள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பது 22-ஆம் பிரிவின் இரண்டாவது பகுதி. பயண நேரம் மட்டும்தான் கழிவு. அந்தக் கடிகாரம் ஓடாமல் இருக்க எளிய வழி, கைதையே எழுதாமல் வைத்திருப்பது. "விசாரணைக்கு வந்திருக்கார், கைது இல்லை" என்ற வார்த்தையைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

நேரம் மாதிரியே இடமும். 2010 மார்ச்சில் பாலக்காட்டில் ஒரு கொலை வழக்கில் பிடிபட்ட சம்பத் போலீஸ் காவலில் இறந்தார். அவரை வைத்திருந்தது ஸ்டேஷனிலேயே இல்லை, மலம்புழாவில் ஒரு காட்டேஜில். அந்த வழக்கும் சி.பி.ஐ. வரை போனது. அதற்கும் முன்னால், 1976 மார்ச்சில் கோழிக்கோடு என்ஜினியரிங் கல்லூரி மாணவர் ராஜனைப் பிடித்துக்கொண்டு போனபோது அவர் அப்பா ஈச்சர வாரியர் வாசல் வாசலாக ஏறிக் கேட்டது ஒன்றேதான்: என் பையன் எங்கே? கக்கயம் முகாம் என்ற பதில் வெளியே வர ஒரு வருஷமும் ஒரு ஆட்கொணர்வு மனுவும் ஆனது. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் சேர்த்து வந்ததுதான் டி.கே. பாசு தீர்ப்பு. மேற்கு வங்க இலவசச் சட்ட உதவி அமைப்பில் இருந்த டி.கே. பாசு 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதம் மனுவாகி, பத்து வருஷம் கழித்து 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பானது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். வேண்டப்பட்டவர் ஒருவருக்கு உடனே தகவல் தர வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதோடு. 48 மணிக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விட வேண்டும், முழு நேரமும் கூட இல்லாவிட்டாலும். இதில் பெரும்பகுதி இப்போது புதுச் சட்டத்தின் 36, 38, 48 பிரிவுகளில் இருக்கிறது.

அப்புறம் ஏன் நெடுங்கண்டம் நடந்தது, ஏன் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டிலும் டாக்டர் பார்த்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், சிறை உள்ளே வாங்கிக்கொண்டது. எல்லாக் கதவும் இருந்தது, எல்லாம் திறந்துவிட்டது. உரிமை தெரிந்திருந்தால் அடி விழாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டிலும் பிற்பாடு மாட்டிக்கொடுத்தது எது என்று பாருங்கள். நெடுங்கண்டத்தில் 12-க்கும் 15-க்கும் நடுவில் உள்ள ஓட்டை. சாத்தான்குளத்தில் எஃப்.ஐ.ஆர். சொன்ன கதையோடு ஒத்துப்போகாத பக்கத்துக் கடை கேமரா. 2023 ஏப்ரலில் குன்னங்குளம் ஸ்டேஷனில் அடிவாங்கிய இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, 2025 செப்டம்பரில் அந்தக் கேமரா பதிவை வெளியே கொண்டுவந்தார். வெளியே இருப்பவர் அன்றைக்கே நேரத்தைக் குறித்து எழுத்தில் கேட்டிருந்தால், உள்ளே இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார்.

வெளிநாட்டில் இருக்கும் நாம் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறோம். போன் வந்ததும் முதல் கேள்வி, "அங்கே யாரைத் தெரியும்?" கட்சிக்காரர், ரிட்டயர்டு ஏட்டு, பஞ்சாயத்து மெம்பர். பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சத்தமில்லாமல் கூட்டி வந்துவிடுவோம். பதிவு இல்லாமல் முடிந்ததே என்று நிம்மதி. எனக்கு இப்போது அந்தப் பதிவு இல்லாமல் என்பதில்தான் பயம். பாஸ்போர்ட் பயம் வேறு. எஃப்.ஐ.ஆர். என்றாலே பாஸ்போர்ட் போச்சு என்று நினைக்கிறோம். பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பேசுவது கிரிமினல் கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி. எஃப்.ஐ.ஆர். போட்டதும் அது ஆகிவிடாது.

அதனால் இப்போது யாராவது போன் செய்தால் நான் கேட்பது: எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குப் போனார், நோட்டீஸ் கொடுத்தார்களா, இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. (நோட்டீசை வாட்ஸப்பில் மட்டும் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வந்தால் அலட்சியம் பண்ணாதீர்கள், நேரில் நகல் கேளுங்கள்.) நோட்டீசை வாங்க மறுக்காதே, சொன்ன தேதிக்குப் போ. கையெழுத்துப் பக்கத்தில் தேதியும் மணியும் எழுது. படிக்கத் தெரியாத மொழி என்றால், கையெழுத்துக்கு மேலே தமிழில் "எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது" என்று எழுது. கோபமாக இல்லை, வங்கியில் சலான் நிரப்புகிற முகத்தோடு. இன்னொன்று பலருக்கும் தெரியாது: விசாரணையில் நாம் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அந்த வாக்குமூலத்தில் நாம் கையெழுத்துப் போடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது, 181-ஆம் பிரிவு. வெற்றுத்தாளில் போடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அன்று ராத்திரி சின்னம்மாவையும் "சாட்சி சொல்லணும், வாங்க" என்று வரவழைத்திருந்தார்கள். பெண்களையும் அறுபது வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் (179). அவருக்கு அறுபத்து மூன்று. இரண்டு விதத்திலும் வந்திருக்க வேண்டியதில்லை. பத்தரை மணிக்கு ஸ்டேஷன் திண்ணையில் உட்கார்ந்துதான் எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

போலீஸ் எல்லாம் ராட்சசர்கள் என்ற கட்சியில் நான் இல்லை. அன்று தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் ஒரு போலீஸ்காரர்தான். "எடா", "நீ" என்று மக்களைக் கூப்பிடாதே என்று 2021-இல் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்த ஊர்தான் அது. ஆனால் "சார், நகல் வேணுங்க" என்று கேட்டால் கொடுக்கிற ஆட்களும் அங்கே உண்டு. நாம் கேட்பதில்லை. காசு இல்லை, வக்கீல் இல்லை என்பவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் தர வேண்டும்.

இதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்குத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பினேன். சின்னம்மா அதைத் தினசரி காலண்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார். தம்பியின் கேஸ் இன்னும் நடக்கிறது, அடுத்த வாய்தா அடுத்த மாசம். இந்தமுறை தேதி என் போனிலும் இருக்கிறது. பைக் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. பெண் வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.